இந்த டயர்லயா வந்தீங்க?

நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்ல?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. சென்னையில் ஒரு கல்யாண ரிசப்ஷனை முடித்துக்கொண்டு காஞ்சிபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் மனைவி. பின்சீட்டில் பாப்பா, நல்ல தூக்கம். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் சோவென்று மழை. ஸ்பீடாமீட்டர் முள் எண்பதில். நமக்குத்தான் பத்து வருஷ அனுபவமாயிற்றே என்று அதே எண்பதில் போய்க்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. லேசு என்றால், கையில் அப்பளத்தைப் பிடித்திருக்கிற மாதிரி. பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அவ்வளவுதான், கார் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. தன் இஷ்டத்துக்கு நழுவி, அரைவட்டம் அடித்து, வந்த வழியையே பார்த்தபடி நின்றது. எதிரே இரண்டு ஹெட்லைட். லாரிக்காரர் யாரோ புண்ணியவான், ஒடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் போட்ட ஹாரன் சத்தம் ரொம்ப நாள் காதிலேயே இருந்தது.

''என்னங்க ஆச்சு?''

''நாய்... நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு.''

''ஓ'' என்றாள். வீடு வந்து சேரும் வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பாப்பா எழுந்திருக்கவேயில்லை.

நான் பி.காம். கணக்கு டாலி ஆகவில்லையென்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு மூடிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த நாயையும் அப்படித்தான் போட்டு மூடினேன். ஆனால் அன்றிலிருந்து வானம் கறுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. 'பெட்ரோல் விக்கிற விலையில கார் எதுக்கு, பஸ்ல போலாமே' என்று நான் சிக்கனம் பேசினால் வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் போன் பண்ணினான்.

பெண்டாட்டியின் தம்பி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்ஜினீயர். சென்னையில் ஒரு கார் கிளப்பில் மெம்பர். கார் வைத்திருப்பவர்கள் கிளப் வேறு வைத்துக்கொள்வார்களா என்று கேட்காதீர்கள். வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்காவது கூடி, பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு, ஒருவர் காரின் பானெட்டை மற்றவர் திறந்து பார்த்து, பெண் பார்க்கப் போன மாமாக்கள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். பேங்க்காரர், ஆடிட்டர், பல் டாக்டர், சாஃப்ட்வேர் ஆசாமிகள் என்று எல்லோரும் இருக்கிறார்கள்.

''மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை கிளப்புல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கை ஒரு நாளைக்கு எடுத்திருக்காங்க. நீங்களும் உங்க காரை எடுத்துக்கிட்டு வாங்க.''

''மழை பெய்யும்னு சொல்றாங்களேடா?''

''பெய்யணும் மாமா. அதுக்குத்தான்.''

பயம் என்று மச்சானிடம் சொல்ல முடியுமா? ''ஜோரா வந்துடறேன்'' என்றேன்.

* * *

ஞாயிறு காலை. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மாமனார் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெசவாளி. எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் தறிக்காரர்களுக்குப் பாதி விடுமுறை, அதுவும் சம்பளமில்லாத விடுமுறை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. குழித்தறியில் கால் வைக்கிற பள்ளத்தில் ஈரம் ஊறும்.

''கிளம்பிட்டீங்களா மாப்ளே?''

''ஆமா மாமா. சும்மா ரேஸ் ட்ராக் வரைக்கும்.''

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ''மழை நாள்ல அவசரம் ஆகாது. தறியில இழை அறுந்தா பிணைச்சுக்கலாம்'' என்று நிறுத்திக்கொண்டார். மனுஷன் எதையோ மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறாரோ என்று பொறி தட்டியது. தட்டியதை அப்படியே விட்டுவிட்டேன்.

பொன்னேரிக்கரையில் பெங்களூர் ஹைவேயில் ஏறி, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. வீட்டிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். எண்பதில் போகிற ஹைவேயில் ஐம்பதில் போனேன். பின்னால் வந்த அத்தனை பேரும் ஹாரனில் அர்ச்சனை செய்தார்கள்.

இருங்காட்டுக்கோட்டை என்றால் ஆபீஸ் போகிறவர்களுக்கு ஹூண்டாய் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். ஆனால் அதற்கு முன்பே வந்தது ரேஸ் ட்ராக். கதை சோழவரத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அங்கே விமானம் இறங்க ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுதளம் மட்டும் பாக்கி. சும்மா கிடக்கிற நேரான ரோட்டைப் பார்த்தால் வண்டி வைத்திருப்பவனுக்குக் கால் நமநமக்கும் அல்லவா? 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. வருஷா வருஷம் சோழவரம் ரேஸ் என்றால் மெட்ராஸே கிளம்பிப் போன காலம் அது. உங்கள் பெரியப்பாவைக் கேளுங்கள், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்த கதையை ஒரு மணி நேரம் சொல்லுவார்.

பிறகு அதே கிளப் சொந்தமாக ட்ராக் போட்டது. 1990-ல் திறந்தார்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். 2005-ல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனும், 2010-ல் அடுத்துப் போன சென்னை கருண் சந்தோக்கும் ஆரம்ப காலத்தில் ஓட்டிப் பழகிய மண் இது. பட்டுக்கும் கோயிலுக்கும்தான் பேர்போனது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எங்கள் மாவட்டத்துக்கு இப்படி ஒரு பெருமையும் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் பக்கத்தில் இருந்துகொண்டு நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஊர்க்காரன் கோயிலுக்குப் போகமாட்டான் என்பது சரிதான்.

* * *

கேட்டுக்குள் நுழைந்ததும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ரேஷன் கடை மாதிரி க்யூ. ஒவ்வொரு காரையும் சோதித்த பிறகுதான் ட்ராக்குக்குள் அனுமதி.

சோதித்தவர் ரெயின்கோட் போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர். முகத்தில் சிரிப்பு என்ற சமாசாரமே கிடையாது. முதலில் காருக்குள் இருக்கிற அத்தனை சாமானையும் வெளியே எடுக்கச் சொன்னார். கார் சுழன்றால் உள்ளே கிடப்பதெல்லாம் பறக்குமாம். குடை, தண்ணீர் பாட்டில், பாப்பாவின் ஒற்றைச் செருப்பு, போன வருஷக் காலண்டர், பாதி சாப்பிட்ட முறுக்குப் பொட்டலம் என்று வரிசையாக வெளியே வந்தன. பின்னால் நின்றவர்கள் ரசித்தார்கள். பேட்டரி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தார். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார்.

அப்புறம் முன்டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விரலை டயரின் கோடுகளுக்குள் விட்டார். நாலு டயரையும் அப்படியே பார்த்தார். எழுந்தார்.

''சார், இந்தக் கார் ட்ராக்குக்குள்ள போக முடியாது.''

''ஏன் சார்?''

''டயர் மொட்டை.''

குனிந்து காட்டினார். டயரில் ஓடுகிற பள்ளங்களுக்கு நடுவே குறுக்கே சின்னச் சின்னதாக மேடு இருக்கிறது. அது டயர் கம்பெனிக்காரன் வைத்த அடையாளம். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். அப்போது மிச்சமிருக்கும் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான். பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். அந்த மேட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். என் டயரில் மேடும் பள்ளமும் சமத்துவம் அடைந்து ரொம்ப நாளாகியிருந்தது.

''இந்த டயர்லயா வந்தீங்க?'' என்றார்.

''ஆமா சார். காஞ்சிபுரத்துலேர்ந்து.''

''தனியாவா?''

''இன்னிக்கு தனியாத்தான்.''

'இன்னிக்கு' என்று ஏன் சொன்னேனோ! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த காருக்குப் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். இங்கே எதிரில் வண்டி வராது. நாய், மாடு, சைக்கிள் கிடையாது. திருப்பத்துக்குத் திருப்பம் கொடியோடு ஆள் நிற்கிறார். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. தலையில் ஹெல்மெட். இத்தனையும் இருக்கிற இடத்தில் 'இந்தக் கார் ஆபத்து, உள்ளே விடமாட்டேன்' என்கிறார்கள். இந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட இல்லாத ஹைவேயில், ராத்திரியில், மழையில், லாரிகளுக்கு நடுவே, இதே காரில்தான் பெண்டாட்டி பிள்ளையை உட்கார வைத்து எண்பதில் போயிருக்கிறேன்.

இன்னொரு சமாசாரமும் சொல்லிவிடுகிறேன். டயருக்கு என்று எடுத்து வைத்த பணத்தில்தான் போன வருஷம் காருக்கு மியூசிக் சிஸ்டம் போட்டேன். பாட்டு பிரமாதமாகக் கேட்கும்.

* * *

''கவலைப்படாதீங்க மாமா, நம்ம பெரியவர் கார்ல பக்கத்துல உக்காந்துக்குங்க'' என்றான் மச்சான்.

பெரியவர் என்பது கிளப்பில் எல்லோருக்கும் மூத்தவர். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். சின்ன வயதில் சோழவரத்தில் வேடிக்கை பார்த்தவர், இங்கே அமெச்சூர் பந்தயங்களில் ஓட்டியவர். அன்று எங்களுக்கு வகுப்பெடுத்தவரும் அவர்தான்.

முதல் பாடம், கொடிகள். மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, ஓவர்டேக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமாக ஒருத்தர் வருகிறார், வழி விடு. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி என்றால் முடிந்தது. எங்கள் ஊரில் அதைப் புடவையில் பார்த்தால் இன்ன ரகக் கட்டம் என்று மாமனார் பெயரே சொல்லுவார். அடுத்து மஞ்சளில் நெட்டுக்குத்தாகச் சிவப்புக் கோடு போட்ட ஒரு கொடியைக் காட்டினார். ''இது என்ன சொல்லுங்க?'' என் வாயில் 'அரக்கு பார்டர்' என்றே வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. 'ரோடு வழுக்குகிறது' என்று அர்த்தமாம். அன்று முழுக்க அந்தக் கொடிக்குத்தான் வேலை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தூறல் வலுத்தது. கார் கிளம்பியது.

முதல் சுற்று முழுவதும் நடக்கிற வேகம்தான். பெரியவர் ஒரு கையால் ட்ராக்கைச் சுட்டிக்காட்டிக்கொண்டே வந்தார். ''திருப்பத்துல கறுப்பா பளபளன்னு ஒரு பாதை தெரியுதா? எல்லாரும் அதுமேலயே ஓட்டி ஓட்டி டயர் ரப்பர் ஒட்டியிருக்கு. வெயில் நாள்ல அதுதான் ராஜபாட்டை, நல்லா பிடிக்கும். மழை பெஞ்சா அதுவே சோப்பு. அதனால மழையில வழக்கமான பாதையை விட்டுட்டு வெளிப்பக்கமா, கரடுமுரடா இருக்கிற இடத்துல போகணும்.''

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. 'பழகின ரோடு' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, மழையில் அந்தப் பழக்கமே நம்மைக் கவிழ்த்துவிடும்.

இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது. மெயின் ஸ்ட்ரெயிட்டில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஐப்பசி ராத்திரி திரும்ப வந்துவிட்டது. டாஷ்போர்டை இறுகப் பிடித்திருந்தேன். என் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். காரை மெதுவாக்கி, வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

''என்ன சார், ஏதாவது ஆச்சா முன்னாடி?''

யாரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன். ஸ்டீயரிங் லேசானது, பிரேக் மிதித்தது, சுழன்றது, லாரி, எல்லாம். நாயைப் பற்றியும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. ''அது நாய் இல்ல சார். தண்ணி'' என்றார்.

அப்புறம் விளக்கினார். ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையில் மொத்தக் காரும் நிற்கிறது. டயரில் பள்ளம் வைத்திருப்பது அழகுக்கு இல்லை. ரோட்டில் நிற்கிற தண்ணீரை வாய்க்கால் மாதிரி வாங்கி வெளியே தள்ளத்தான். ஃபார்முலா ஒன் காரின் மழை டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு டயர் ஒரு நொடியில் 85 லிட்டர் வரை தண்ணீரை வாரி இறைக்கும் என்கிறார்கள் அதைச் செய்கிற பைரெல்லி கம்பெனிக்காரர்கள். வாய்க்கால் தூர்ந்துபோனால் என்ன ஆகும்? தண்ணீர் போக இடமில்லாமல் டயருக்கு அடியில் புகுந்து காரைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் கார் ரோட்டில் ஓடவில்லை, தண்ணீர் மேல் மிதக்கிறது. ஸ்டீயரிங் லேசாகிவிடுவது அதனால்தான். அக்வாப்ளேனிங் என்று பெயர்.

''அப்ப என்ன சார் பண்ணணும்?''

''ஒண்ணும் பண்ணக்கூடாது. அதுதான் கஷ்டம். பிரேக் மிதிக்காதீங்க, ஸ்டீயரிங்கை ஒடிக்காதீங்க. ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை மெதுவா எடுத்துட்டு நேராப் பிடிச்சுக்கிட்டு இருங்க. வேகம் குறைஞ்சா டயர் தானா தரையைத் தொடும். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். நல்ல டயர் போடுங்க, மெதுவாப் போங்க. இது ரெண்டையும் செஞ்சா மத்ததுக்கு அநேகமா வேலையே இருக்காது.''

* * *

மத்தியானம் மழை கொட்டியது. சிவப்புக் கொடி. எல்லோரும் ஷெட்டுக்குள் ஒதுங்கிப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பேச்சு மழைப் பந்தயங்கள் பக்கம் திரும்பியது.

1993-ல் இங்கிலாந்தில் டோனிங்டன் ட்ராக்கில் கொட்டுகிற மழையில் அயர்ட்டன் சென்னா முதல் சுற்றிலேயே ஐந்தாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வந்ததை மச்சான், ஏதோ தான் பக்கத்து சீட்டில் இருந்த மாதிரி வர்ணித்தான். அவன் பிறப்பதற்கு முன் நடந்தது! உடனே பல் டாக்டர் 2021-ல் பெல்ஜியம் ஸ்பாவில் நடந்ததைச் சொன்னார். மழை விடவேயில்லை. மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் பாதுகாப்பு காருக்குப் பின்னால் எல்லோரும் வரிசையாக ஓரிரு சுற்று போய்விட்டு, பந்தயம் முடிந்தது என்று பாதிப் புள்ளிகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ''இதுக்கு எங்க ஊர் கருட சேவை வேகமாப் போகுமே'' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நம் சென்னையிலேயே தீவுத்திடலைச் சுற்றி நடத்த இருந்த ஃபார்முலா 4 தெருப் பந்தயம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024-ல் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் 1-ம் தேதியிலுமாக நடந்தது. அப்போதும் மழை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

அஜித் பேச்சு வராமல் இருக்குமா? 2025 ஜனவரி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைச் சொல்லி ஒரு பையன் விசிலே அடித்துவிட்டான். ''அதுக்கு முன்னாடி பயிற்சியில கார் மோதிச் சுத்தினதையும் சொல்லு'' என்றார் பெரியவர். விசில் நின்றது.

''இதே ட்ராக்குல'' என்று அவர் மெதுவாகத் தொடர்ந்தார். ''2023 ஜனவரியில கே.இ.குமார் பந்தயத்துல அடிபட்டு இறந்தார். 59 வயசு. எத்தனையோ வருஷ அனுபவம். அதே வருஷம் ஆகஸ்ட்ல பெங்களூர்ப் பையன் ஒருத்தன் பைக் பந்தயத்துல போயிட்டான். 13 வயசு. எல்லா ஏற்பாடும் இருக்கிற இடத்துலயே இப்படி. ரோட்டுல ரேஸ் ஓட்டுறவனுக்கு இதைச் சொல்லுங்க.''

கொஞ்ச நேரம் தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பி.காம். புத்தி. எண்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். எங்கள் ஊர்ப் பட்டுப்புடவை ஒன்று ஐந்தரை மீட்டர். ஆக, நொடிக்கு நாலு புடவை! ஒரு புடவைக்குப் பதினைந்து நாள் என்றால் மாமனார் இரண்டு மாசம் குனிந்து உட்கார்ந்து நெய்கிற நீளத்தை ஒரு நொடியில் கடந்துவிடுகிறோம். முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு நொடி, அதாவது நாலு புடவை, காலி. அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில் ஆறேழு புடவை. ஈரத்தில், நல்ல டயரிலேயே, பதினொன்று பன்னிரண்டு. என் மொட்டை டயருக்குக் கணக்குப் போடப் போனேன், மனசு வரவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

* * *

மூன்று மணிக்கு மழை குறைந்தது. ஈர ரோட்டில் பிரேக் பயிற்சி. நேர்ச்சாலையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். முதல் கூம்பு வரும்வரை குறிப்பிட்ட வேகம், அங்கே பிரேக், எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. மச்சான் தன் காரைக் கொடுத்தான். புது டயர், ஏபிஎஸ் உள்ள கார். என்னுடையது 2011 மாடல், ஏபிஎஸ் கிடையாது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் அது கட்டாயம்.

முதலில் நாற்பதில். ஒழுங்காக நின்றது. பெருமையோடு இறங்கப் பார்த்தேன். ''இருங்க, இப்ப எண்பதுல'' என்றார்கள்.

எண்பதில் கூம்பைத் தொட்டதும் மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று அடித்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் வேலை செய்கிறது. பயந்து காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கார் நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே போகிறது... கடைசியாக நின்றபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். நாற்பதில் நின்ற இடம் எங்கேயோ இருந்தது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். புரிந்தது என்னவோ அந்த ஈர ரோட்டில்தான்.

வைகாசியில் வரதர் தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள், கோஷம் போடுவார்கள். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்து, சமயம் பார்த்து முட்டுக்கட்டை போடுகிற ஆள் நாலைந்து பேர்தான். வீதி திரும்புகிற இடத்தில் எல்லோருடைய உயிரும் அவர்கள் கையில். ரேஸ் கிளப் என்றால் வேகமாக ஓட்டச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். நாள் பூராவும் முட்டுக்கட்டை போடத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

* * *

சாயங்காலம் ட்ராக்கை விட்டு என் காரில் கிளம்பும்போது மச்சான் சாவியைப் பிடித்துக்கொண்டான். ''ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நாப்பதைத் தாண்டக் கூடாது. நான் பின்னாலயே வர்றேன். அங்க டயர் கடை திறந்திருக்கும்.'' வயதில் சின்னவன். ஒன்றும் பேசாமல் தலையாட்டினேன்.

நாலு டயர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். கார்டைத் தேய்க்கும்போது நெஞ்சு கொஞ்சம் வலித்தது உண்மை. கடைப் பையன் கழற்றிய பழைய டயரை உருட்டிக்கொண்டு போனான். வெளிச்சத்தில் பார்த்தபோது மாமனார் தலையைவிட மழமழவென்று இருந்தது.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி. மறுபடி மழை. சுங்குவார்சத்திரம் தாண்டி அந்த இடம் வந்தபோது அறுபதுக்குக் கீழே வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்தார். வழிவிட்டேன். பாட்டு போடவில்லை.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

''அன்னிக்கு நாய் எதுவும் குறுக்க வரலை.''

சாதத்தைப் போட்டுக்கொண்டே, ''தெரியும்'' என்றாள்.

''எப்படித் தெரியும்?''

''நான் முன்சீட்டுலதானே உக்காந்திருந்தேன். தூங்கவா செஞ்சேன்?''

''அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலை?''

''கேட்டா பெருச்சாளின்னு மாத்திச் சொல்லியிருப்பீங்க. அதான் தம்பிக்குப் போன் பண்ணி, உங்களை அந்த ட்ராக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னேன். அப்பாதான் இந்த யோசனையைச் சொன்னாரு. டயர் மாத்தியாச்சா?''

மாத்தியாச்சு என்றேன். ரசம் ஊற்றினாள்.

நான் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் திறந்த அன்று ராத்திரியே வீட்டில் ஆடிட் முடிந்துவிட்டிருக்கிறது.